பற்றையை உண்ணும் பூச்சியும் படுவான்கரை மேய்ச்சற்றரையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படுகின்ற பக்கத்தில் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என வழங்குவர். அதன் தென்பாகத்திலே, போரதீவுப்பற்றின் பிரதேச செயலகம் அமைந்த ஊர் வெல்லாவெளி. நவகிரி நீரை நம்பி விளையும் வட்டைகளும், அவற்றுக்கு அப்பால் மேடும் காடும் கலந்த சேனை நிலங்களும், இரண்டுக்கும் இடையே அலையும் மாட்டுப்பட்டிகளுமே அப்பகுதியின் வாழ்வு. வேளாண்மை வயலில் நிற்கும் காலத்தில் பட்டி வட்டைக்குள் இறங்கலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அக்காலத்தில் மாடுகள் தரவையிலும் காட்டோரத்திலுமே மேய்தல் வேண்டும். தரவையிற் புல் இருக்கும்வரை இவ்வொழுங்கு நிலைக்கும். புல் நின்ற இடத்தைப் பற்றை பிடித்துக்கொண்டால் மாடு வயலை நோக்கித் திரும்பும். பட்டிக்காரனுக்கும் வயற்காரனுக்கும் வழக்கு மூளும். வட்டவிதானை நடுவே நின்று இருவரிடமும் ஏச்சு வாங்குவார். மாடு செய்த குற்றமாக முடியும் அவ்வழக்கின் வேர் ஒரு செடியில் இருப்பதை எவரும் பதிவு செய்வதில்லை.

மேய்ச்சற்றரை என்றவுடன் மட்டக்களப்பார் நெஞ்சில் எழுவது வேறொரு வழக்கு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களுக்காகப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிலே தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. மனிதர் பறிக்கும் நிலத்திற்குக் குரல் எழும், எழவும் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு, ஒரு முழம் ஒரு முழமாக, ஆரவாரமின்றிச் செடி பறித்துக்கொள்ளும் நிலத்திற்கு யார் குரல் எழுப்பினர்?

பறிக்கின்ற செடிகளுள் முதன்மையானது நாயுண்ணி. தாவரவியலார் லந்தானா கமாரா என்பர். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகள். பூவின் நிறங்கண்டு மயங்கிய ஐரோப்பியர் அதனைத் தோட்ட அழகுச் செடியாகப் பேணி வளர்த்தனர். 1826 ஆம் ஆண்டளவிலே பேராதனைத் தாவரவியற் பூங்கா வாயிலாக அது இலங்கைக்குள் வந்தது. வேலி தாண்டுவதற்கு அதற்கு அதிக காலம் தேவைப்படவில்லை. பழத்தைப் பறவைகள் உண்டு வித்தைக் காடெங்கும் எச்சத்தோடு விதைத்தன. இன்று இலங்கையின் உலர்வலயக் காட்டோரங்களிலும் கைவிட்ட சேனைகளிலும் அது ஆளுயரப் புதராக நெருங்கி நிற்கின்றது. அதன் நிழலிற் புல் முளைப்பதரிது. இலையை மாடு பெரும்பாலும் முகர்ந்துவிட்டு விலகும். பசி மிகுந்து உண்டால் ஈரல் கெடும். வெயில் பட்டவுடன் தோல் வெடித்துப் புண்ணாகும். புல்லைக் கொன்று, புல்லுக்கு மாற்றாக நஞ்சை நீட்டுகின்ற செடி அது. போதாக்குறைக்கு, ஆளை மறைக்கும் புதர் யானையையும் மறைக்கும். வெல்லாவெளிப் பக்கத்திலே மாலையிற் காட்டோரம் மாடு சாய்த்துவரச் செல்பவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

போர் இதற்குச் செய்த உதவியும் சிறிதன்று. 2007 ஆம் ஆண்டின் முற்பகுதியிற் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து எழுவான்கரை முகாம்களிற் கிடந்தனர். மனிதனும் மாடும் விலகிய நிலத்தைக் களை விட்டுவைக்குமா? மீண்டவர்கள் வீட்டு வளவை வெட்டி வெளியாக்கினர். தரவையை வெட்டுவார் யார்? அது எல்லாருக்கும் உரியது. ஆகவே எவர் கடமையும் அன்று.

இச்செடிக்கு எதிராக இதுகாறும் கையாண்ட வழிகள் மூன்று. கத்தி, நெருப்பு, நஞ்சு. கத்தியால் வெட்டிய கட்டை அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேரோடு கிளப்புவதே உரிய முறை; அதற்கு ஒரு நாளில் ஓராள் எவ்வளவு நிலத்தை முடிப்பார் என்பதை மண்வெட்டி பிடித்தவர் அறிவர். நெருப்போ புல்லை முதலில் எரித்துவிட்டு, நாயுண்ணியின் அடிக்கட்டையை உயிரோடு விட்டுச் செல்லும். இவற்றோடு சிரமதானம் என்றொரு சடங்கும் உண்டு. பதாகை கட்டப்படும், வெள்ளுடை அணிந்தோர் வந்து ஒரு புதரை வெட்டுவதுபோல் நிற்பர், படம் எடுக்கப்படும், தேநீர் வழங்கப்படும். வெட்டிய இடத்தை மூன்று மாதங்கழித்து எவராவது போய்ப் பார்த்ததுண்டா என்று வினவினால் அவ்வினாவே பண்பற்றதாகக் கருதப்படும்.

எஞ்சியது நஞ்சு. கிளைபோசேற்று எனும் களைநாசினியை 2015 இல் இலங்கை அரசு நாடளாவித் தடைசெய்தது. 2018 இல் அத்தடை தளர்த்தப்பட்டபோது தளர்வு யாருக்குக் கிடைத்தது? தேயிலைக்கும் இறப்பருக்கும். நெல் விளைத்தவன் பின்னும் காத்திருந்தான். 2021 இலோ இரசாயன உரமும் பீடைநாசினியும் ஒருசேர இறக்குமதித் தடைக்கு உள்ளாயின. சில மாதங்களிற் பயிர் வாடியபின் தடை விலகியது. நஞ்சு வேண்டும் என்றும் நஞ்சு வேண்டாம் என்றும் நாட்டில் நடந்த இப்பெரும் விவாதத்திலே, நஞ்சுக்குப் பதிலாக எது என்ற வினாவுக்கு மட்டும் இடமில்லாது போயிற்று. வெறுங்கையோடு தடை விதிப்பதும் வெறுங்கையோடு தடை நீக்குவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். வட்டையில் தெளித்த மருந்து வாய்க்காலிற் கலந்து, வாய்க்கால் வாவியிற் கலக்கின்ற ஒரு நிலத்திலே இச்சோம்பலுக்கு விலை கொடுப்போர் இறாலும் மீனும் பிடித்து வாழ்கின்றவர்களுமாவர்.

பதிலாக எது என்ற வினாவுக்கு விடை இந்நாட்டு வரலாற்றிலேயே கிடக்கின்றது. ஒரு செடி தன் தாயகத்தில் ஏன் காடாகப் பரவுவதில்லை? அங்கே அதன் இலையைத் தின்பது ஒன்று, தண்டைக் குடைவது ஒன்று, பூவையும் வித்தையும் அழிப்பது ஒன்று எனப் பூச்சிகள் பல அதனோடு கூடவே வாழ்கின்றன. மனிதன் செடியைக் கப்பலேற்றியபோது அப்பூச்சிகளைக் கரையில் விட்டுவிட்டான். விட்டுவந்த பகைவருள் அச்செடியன்றி வேறெதையும் உண்ணாத ஒன்றைத் தேடிக் கொணர்ந்து விடுவதே உயிரியற் கட்டுப்பாடு எனப்படும். இதனை மேனாட்டுப் புதுமோகம் என்று தள்ளுவோர் பின்வரும் வரலாற்றைச் சற்று நோக்குதல் நன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே கிழக்கிந்தியக் கம்பனி கொச்சினியல் எனும் செந்நிறச் சாயத்தின்மேல் ஆசை கொண்டிருந்தது. நாகதாளி எனவும் சப்பாத்திக்கள்ளி எனவும் வழங்கும் செடியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து அச்சாயம் கிடைக்கும். மெக்சிக்கோவில் ஸ்பானியர் அதனைக் காத்து வைத்திருந்தனர். 1795 இலே பிரேசிலிலிருந்து நீல்சன் என்னும் கப்பற் தலைவன் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தான். கொண்டுவந்தது தவறான இனம். சாயம் தரமாகக் கிடைக்கவில்லை. ஆயின் அப்பூச்சி நாகதாளியின் ஓரினத்தை உண்டு உண்டு அழித்துவிட்டது. கம்பனியின் இழப்பு கமக்காரனுக்கு வரவாயிற்று. 1836 தொடங்கி அதனைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே எடுத்துச்சென்று விட்டனர். 1860களில் அங்கிருந்து இலங்கைக்கு அது கொணரப்பட்டது. களையொன்றை அழிப்பதற்காகவே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசென்று வெற்றிகண்ட முதற் சம்பவமாக உலகத்துப் பூச்சியியலார் எழுதிவைத்திருப்பது இதனையே. அப்பூச்சிக்கு விஞ்ஞானப் பெயரிட்ட கிறீன் என்பார் இலங்கையிற் பணியாற்றிய பூச்சியியலாளர். பிரேசிலிற் பிறந்த அது டக்டிலோப்பியசு செய்லோனிக்கசு என இலங்கையின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கதை அங்கு முடியவில்லை. அப்பூச்சி தீண்டாத வேறொரு நாகதாளி இனம் கரையோரங்களிற் பெருகியது. 1924 இல் அதற்குரிய இன்னொரு பூச்சி அவுஸ்திரேலியா வழியாக இலங்கைக்கு வந்தது. 1926 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குச் சென்றது. சில ஆண்டுகளுள் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் நிலம் நாகதாளியிலிருந்து மீண்டது. இவ்விரண்டாம் பூச்சியின் வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரே குடும்பத்து இரு செடிகளுள் ஒன்றை உண்டு மற்றொன்றைத் தீண்டாது விடும் அளவுக்குப் பூச்சியின் நாக்கு நுண்ணியது. பூச்சி என்றால் கண்டதையெல்லாம் தின்னும் என எண்ணுவோர் வெட்டுக்கிளியை மட்டுமே கண்டவர்.

இத்துறையில் முன்னோடியாக நின்ற நாடு பின்னர் என்ன செய்தது? தேயிலைக்கு வேண்டியதைச் செய்தது. தேயிலையிலையைச் சுருட்டி அழித்த மயிர்க்கொட்டிக்கு எதிராக 1935 இல் யாவாவிலிருந்து மக்ரோசென்ரசு என்னும் சிறு குளவி வருவிக்கப்பட்டது. குளவி மயிர்க்கொட்டியின் உடலிலே முட்டையிட்டு அதனை அடக்கிற்று. பிற்காலத்திலே தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராகத் தோட்டங்களில் டீல்டிரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். நஞ்சு குளவியைக் கொன்றது. அடங்கிக் கிடந்த மயிர்க்கொட்டி மீண்டும் கிளம்பியது. நஞ்சு களையையும் பீடையையும் மட்டுமன்றி அவற்றின் பகைவரையும் கொல்லும் என்பதற்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைவிடத் தெளிந்த சான்று தேட வேண்டுவதில்லை. 2008 இற் பப்பாசியைத் தாக்கிய வெண்மூட்டுப்பூச்சி இலங்கையிற் காணப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவி வருவிக்கப்பட்டு விடப்பட்டது. ஆகவே இயலாது என்ற பேச்சுக்கு இடமில்லை. வேண்டும் என்று எண்ணியபோதெல்லாம் இயன்றிருக்கின்றது. தரவைக்கு வேண்டும் என்று எண்ணியவர்தாம் இல்லை.

சல்வீனியாவின் கதையைப் பல்கலைக்கழகத்தார் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் தகும். நீர்மேல் மிதந்து பாய்போல் மூடும் அப்பன்னம் 1939 இலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியற்றுறை வாயிலாகவே இந்நாட்டுக்குள் வந்தது. ஆராய்ச்சிக்கென வந்தது சில ஆண்டுகளில் வாய்க்காலையும் வயலையும் பிடித்தது. கையால் அள்ளினர், நஞ்சு தெளித்தனர், பயனில்லை. வேறிடங்களிலே பூச்சிகளைக் கொணர்ந்தும் பயன் காணவில்லை. ஏன்? செடியின் இனத்தையே தவறாக அறிந்திருந்தனர். ஆகவே பூச்சியையும் தவறான இடத்திலே தேடினர். செடியின் மெய்யான தாயகம் தென்கிழக்குப் பிரேசில் எனத் தெளிவாகியபின், 1978 இல் அங்கே அதன் வண்டு அகப்பட்டது. 1980 இல் அவ்வண்டை அவுஸ்திரேலியாவின் மூண்டாறா ஏரியில் விட்டனர். ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்துள் ஏரி வெளித்தது. அதன் பின்னரே அவ்வண்டு பழைய ஆராய்ச்சியாளர் கருதிய இனமன்று, பெயரிடப்படாத புதிய இனம் என்பதும் தெரியவந்தது. 1986 இல் அது இலங்கைக்கு வந்தது. அத்திட்டத்தைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்த ஒரு மதிப்பீடு 1989 இல் வெளியாயிற்று. செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை விளையும் என்பது அதன் கணக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தின் எந்த அபிவிருத்தித் திட்டம் அதனோடு ஒப்புக்கு நிற்கும் எனக் கணக்காளர் சொல்லட்டும்.

மூண்டாறாவின் வெற்றியை ஈந்தது வண்டு மட்டுமன்று. பெயரைச் சரியாக அறிந்த வகைப்பாட்டியலும் ஆகும். காய்ந்த செடியைக் காகிதத்தில் ஒட்டிப் பெயரெழுதும் பழைய கல்வியை இன்று பல்கலைக்கழகங்கள் ஏளனமாக நோக்குகின்றன. அக்கல்வி இல்லாதவிடத்து நாற்பதாண்டு வீணாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இனி, எதிர்ப்போர் கூற்றைக் கேட்போம். அவர்தம் முதல் வாதம்: செடி தீர்ந்தபின் பூச்சி எதை உண்ணும்? எள்ளை உண்டால்? சோளனை உண்டால்? இவ்வச்சத்தை அறியாமை எனச் சிரித்துத் தள்ளும் விஞ்ஞானிகளும் உளர். அவர் செய்வது பிழை. அச்சத்திற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. நாயுண்ணியின் இலைச்சாற்றை உறிஞ்சும் தெலெயோனீமியா என்னும் பூச்சியை உகண்டாவிலே விட்டனர். 1960களில் அது நாயுண்ணி இலைகளைத் தீர்த்தபின் அண்டையிலிருந்த எள்ளுப் பயிரிற் சென்று அமர்ந்தது. இந்தியாவிலோ 1941 இல் டெராடூனுக்குக் கொணரப்பட்ட அதே பூச்சி தேக்கின் பூவையும் சுவைத்தமை காவற்கூடத்திலே தெரியவந்தது. அதனை அழித்துவிடுமாறு முடிவாயிற்று. ஆயினும் அது தப்பி வெளியேறிவிட்டது. சிறுபோகத்திலே சேனையில் எள்ளு விதைக்கும் படுவான்கரையார் இவற்றைக் கேட்டு அஞ்சாரோ? அஞ்சுவர், அஞ்சவும் வேண்டும்.

ஆயின் அச்செய்திகளின் மறுபாதியையும் சொல்லல் வேண்டும். உகண்டாவிலே பூச்சி எள்ளில் நிலைத்து வாழவில்லை; நாயுண்ணி அழிந்தபோது திரண்ட கூட்டம் பசியால் எள்ளுக்குச் சென்றது; அக்கூட்டம் குறையவே தாக்கமும் குறைந்தது. டெராடூனிலே பூச்சி தப்பியமை பூச்சியியலின் குற்றமன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் இடாதவரின் குற்றம். பங்களூரில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. பாதீனியச் செடியை உண்ணவென மெக்சிக்கோவிலிருந்து வருவித்த சைகோகிராமா என்னும் வண்டை 1984 இல் அங்கே விட்டனர். சில ஆண்டுகளில் அது சூரியகாந்திப் பயிரை உண்கின்றது என்று கூக்குரல் எழுந்தது. பூச்சியை விடுதலே நிறுத்தப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது அண்டையிலே காடாக நின்ற பாதீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமேற் படிந்திருந்ததும், அம்மணத்தால் மயங்கியே வண்டு அவ்விலையைக் கடித்ததும் தெரியவந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட வண்டு குற்றவாளியைத்தான் தேடிச் சென்றிருக்கின்றது.

இன்று எப்பூச்சியையும் வெளியே விடுமுன் அதனை அடைத்துவைத்து, களைக்கு நெருங்கிய உறவுச் செடியிலிருந்து தொடங்கித் தூரத்து உறவு வரை ஒவ்வொன்றாக முன்வைத்து, உண்கின்றதா, முட்டையிடுகின்றதா, குஞ்சு முதிர்ந்து தலைமுறை காண்கின்றதா எனப் பார்ப்பது முறை. 1970களிலே ஒழுங்குபெற்ற இம்முறை இன்றும் நின்று நிலவுகின்றது. இலங்கைக்கு வேண்டியது இம்முறையைக் கைவிடுவதன்று. எள்ளையும் தேக்கையும் மட்டுமன்றிக் கத்தரி, கச்சான், பயறு, கௌபி என வெல்லாவெளிச் சேனையில் விளையும் ஒவ்வொன்றையும் அப்பட்டியலிற் சேர்ப்பது. அயல்நாட்டாரின் பட்டியலை அப்படியே எடுத்துவந்து ஒப்பமிடும் வழக்கம் ஆபத்தானது. அவர் பட்டியலிலே அவர் பயிர் இருக்கும். இவர் பயிர் இராது.

இரண்டாம் வாதம், அந்நிய உயிரை நாட்டுக்குள் விடலாகாது என்பது. சுதேசப் பற்றாக ஒலிக்கும் இவ்வாதம் நாயுண்ணியைக் காணும்போது மட்டும் ஊமையாகிவிடுகின்றது. இருநூறாண்டு இருந்துவிட்டால் அந்நியன் சுதேசியாகிவிடுவானா? செடியை வரவிட்டுப் பூச்சிக்கு மட்டும் கதவடைப்பது சுதேசப் பற்றன்று; செடிக்குக் கொடுத்த காவல்.

இனி மறுபுறத்தாரையும் கண்டிக்க வேண்டியிருக்கின்றது. பூச்சியை விட்டால் எல்லாம் தீரும் என மேடைகளில் மொழிவோர் உயிரியற் கட்டுப்பாட்டுக்கு நண்பர்போல் வந்த பகைவர். நாகதாளியும் சல்வீனியாவும் எளிதிற் பணிந்தவை. அவுஸ்திரேலியாவிலே 6 கோடி ஏக்கர் நிலத்தைப் பிடித்திருந்த நாகதாளியை ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த அந்துப்பூச்சி 1926 இன் பின் சில ஆண்டுகளில் வீழ்த்திற்று. அப்பூச்சிக்கு நன்றியாக ஊரார் ஒரு மண்டபமே கட்டினர். ஆனால் நாயுண்ணி அத்தகையதன்று. 1902 இல் ஹவாயில் தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ 40 வகைப் பூச்சிகளும் பூஞ்சணங்களும் உலகெங்கும் அதன்மேல் ஏவப்பட்டுள்ளன. சிலவிடத்து நன்மை உண்டு. முழுவெற்றி பெரும்பாலும் இல்லை. காரணம், அது ஒரே செடியன்று. தோட்டக்காரர் நூறாண்டுகளாகக் கலந்து கலந்து படைத்த கலப்பினங்களின் கூட்டம் அது. ஒரு வகையை விரும்பும் பூச்சி மற்றதை வெறுக்கும். இன்னொரு காரணம் வெல்லாவெளிக்கு நேரே பொருந்துவது. வாடைக் காலத்து மழை ஓய்ந்து, ஆனி ஆடியிலே கச்சான் காற்று வீசுகையில் நாயுண்ணி இலையுதிர்த்து நிற்கும். அப்போது இலைதின்னும் பூச்சி பட்டினியாற் சாகும். மழை வந்து செடி தழைக்கும்போது அதனைத் தாக்கப் பூச்சி இராது. ஆகவே இங்கு வேண்டுவது இலைதின்பது மட்டுமன்று. மொட்டையும் தண்டையும் பற்றி வறட்சியைத் தாண்டும் இனம். இதனை ஆராயாமல் ஈரநாட்டில் வென்ற பூச்சியைக் கொணர்ந்து விட்டு, தோற்றபின் முறையே தவறு என்பாரும் உண்டு.

இலங்கையின் அனுபவமும் இதையே உணர்த்தும். குரோமோலீனா என்னும் வேறொரு அந்நியப் புதருக்கு எதிராக 1973 இலே திரினிடாட்டைத் தாயகமாகக் கொண்ட பரெயூக்கீற்றசு என்னும் அந்துப்பூச்சி இங்கு விடப்பட்டது. அதன் மயிர்க்கொட்டிகள் இலையைத் தின்று புதர்களை மொட்டையாக்கின. முதன்முயற்சியிலே தோற்ற இந்தியா 1984 இல் இலங்கையிலிருந்தே அப்பூச்சியைப் பெற்றுக் கேரளத்திலும் கருநாடகத்திலும் விட்டது. இங்கோ புதர் மீண்டும் தழைத்தது. விட்ட பூச்சியைப் பின்னர் ஆண்டுதோறும் யார் கணித்தனர்? எங்கே நிலைத்தது, எங்கே அழிந்தது, எதனால் அழிந்தது என்பதற்கு ஊர்தோறும் கணக்கு இருந்திருப்பின் அடுத்த முயற்சி இருளிற் தொடங்காது.

இத்தனை வரலாறு இருந்தும் இத்துறை ஏன் நலிந்தது? விடை எளிது. நஞ்சுக்கு விற்பவன் உண்டு, பூச்சிக்கு இல்லை. ஒரு போத்தல் களைநாசினியை வாங்கியவன் அடுத்த போகத்திலும் வாங்குவான். அதற்கு விளம்பரம் உண்டு, முகவர் உண்டு, கமக்காரருக்குத் தொப்பியும் நாட்காட்டியும் உண்டு. நிலைத்துவிட்ட வண்டோ கூலி கேளாது தானே பெருகி, தானே பறந்து, அடுத்தவன் நிலத்தையும் துப்புரவாக்கும். இலாபம் எல்லாருக்கும் உரியதாகையால் எந்த வணிகனும் அதில் முதலிடான். எனவே இது அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய பணி. அவை செய்யாவிடின் செய்வார் எவருமிலர். மூன்றாண்டு நிதி, மூன்றாண்டு அறிக்கை, பின்னர் பூட்டிய அறை என்னும் இன்றைய திட்ட முறைக்கு இது பொருந்தாது. பூச்சிக்கு நிதியாண்டு தெரியாது.

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். வெட்டிய கத்தியை உறையிலிடலாம். தெளித்த நஞ்சை நிறுத்தலாம். விட்ட பூச்சியைத் திருப்பி அழைக்க முடியாது. அவுஸ்திரேலியாவிற் புகழ்பெற்ற அந்துப்பூச்சியை 1957 இல் கரீபியத் தீவொன்றில் விட்டனர்; 1989 இல் அது புளோரிடாவை அடைந்து அங்குள்ள சுதேசக் கள்ளிகளுக்கே தீங்காயிற்று. ஆதலின் எந்தச் செடியை அழிப்பது என்பது விஞ்ஞானியின் தனித்த முடிவாதல் கூடாது. நாயுண்ணித் தடியால் வேலி அடைப்பவருண்டு, விறகுக்கு வெட்டுபவருண்டு, அதன் பூவிலே தேனீ வளர்ப்போன் நன்மை காண்பான். கருநாடகத்து மலைக்காடுகளிலே சோலிகர் அதன் கொம்பாற் கதிரையும் மேசையும் செய்து பிழைக்கின்றனர். இவர்தம் இழப்பு பட்டிக்காரன் பெறும் புல்லைவிடச் சிறிதென்று தோன்றலாம். சிறிதெனக் காட்டிய பின்னரே முடிவெடுத்தல் முறை. பேராதனையில் ஒப்பமிட்டு, வெல்லாவெளிக்குச் சுற்றறிக்கை அனுப்பும் வழக்கம் இவ்விடயத்திற் செல்லாது. பட்டிக்காரரும் சேனைக்காரரும் வட்டவிதானைமாரும் கூடிய அவையிலே, எள்ளு பற்றிய ஆய்வின் முடிவு தமிழில் எழுதப்பட்டு அவர் கையிற் கொடுக்கப்படல் வேண்டும்.

இதற்கான தொடக்கம் பெருஞ்செலவினது அன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையில் இருக்கின்றது. வாவியைச் சுற்றி வந்தால் வெல்லாவெளி ஒரு நாட்பயணத்துக்குள் அடங்கும். முதலாண்டு வேலை பூச்சியைக் கொணர்வதன்று. போரதீவுப்பற்றுத் தரவைகளிலே நாயுண்ணியின் எவ்வெந் நிற வகைகள் எவ்வளவு நிலத்தைப் பிடித்துள்ளன என அளத்தல். எந்த மாதத்தில் இலையுதிர்க்கின்றன எனக் குறித்தல். ஏற்கெனவே அவற்றிலே எப்பூச்சி வாழ்கின்றது எனச் சேகரித்தல். பற்றை விலகிய இடத்தில் எப்புல் முளைக்கும் எனச் சிறு துண்டு நிலத்தை வேரோடு கிளப்பி வேலியடைத்துப் பார்த்தல். நாயுண்ணி போன வெற்றிடத்திலே குரோமோலீனா குடியேறுமாயின் செய்த வேலை பாழ். இவை முடிந்தபின், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்று, இரட்டைக் கதவும் நுண்வலையும் கொண்ட காவற்கூடத்திலே பூச்சியின் முன் எள்ளுச் செடியை வைக்கலாம். அந்த எள்ளு வெல்லாவெளிச் சேனையில் விதைக்கும் எள்ளாகவே இருத்தல் வேண்டும். விதையைக் கமக்காரர் கையிலிருந்தே பெறலாம். சிறுபோக விதைப்புக்கு முன்னர் கேட்டால் கொடுப்பர்.